ஆயுர்வேத நாளொழுக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

வைகறையில் துயிலெழுதல், பல் துலக்குதல், நாவழித்தல், எண்ணெயால் வாய் கொப்பளித்தல், கண்ணுக்கு மையிடல், உடம்புக்கு எண்ணெய் தேய்த்தல், அளவான உடற்பயிற்சி, நீராட்டு, பசித்தபின் உண்ணல், உரிய பொழுதில் உறங்கல் என்றவாறு ஒரு நாளின் செயல்களை நிரைப்படுத்தி உடல்நலத்துக்கு வழி கூறும் விதித்தொகுதியை ஆயுர்வேத நூலார் 'தினசரியை' என்பர். சைவசித்தாந்தப் பயிற்சியுடைய தமிழ் வாசகருக்குச் 'சரியை' என்னும் சொல் புதியதன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் முதலாவதாக வைக்கப்படும் சரியை, உடம்பினால் இறைவனுக்கு ஆற்றும் தொண்டைக் குறிக்கும். மருத்துவ நூலாரின் சரியையும் உடம்பினாற் செய்யப்படுவதே. ஆனால் அது உடம்பின்பொருட்டே செய்யப்படுவது. ஒரே சொல் இருவேறு துறைகளில் இருவேறு எசமானருக்கு ஊழியஞ் செய்கின்றது எனலாம்.

இந்நாளொழுக்கம் இன்று மீண்டும் பெரிதும் பேசப்படுகின்றது. பேசுவோர் பலரும் அதனை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாறாது வந்த ஒரே முறை என்றும், எவரும் எங்கும் கைக்கொள்ளத்தக்கது என்றும் எடுத்துரைப்பர். மூலநூல்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் ஒருவருக்கு இவ்விரு கூற்றுக்களும் ஐயத்துக்குரியனவாகவே தோன்றும். விதிகள் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன, சில உதிர்ந்துள்ளன, சில பிற்காலத்தே வந்து சேர்ந்துள்ளன. அவை எத்தகைய மனிதனை மனத்திற் கொண்டு எழுதப்பட்டன என்னும் வினாவும் உண்டு. ஒரு நாளை இன்னவாறு கழிக்க வேண்டும் என்று விதிப்பவர், அந்நாள் கேட்பவனுக்கே சொந்தமானது என்று முன்கூட்டியே கொண்டுவிடுகின்றார். வரலாற்று மாணவன் ஆராய வேண்டியது இந்த எடுகோளையே.

ஆயுர்வேத நூல்களுட் பழமை வாய்ந்தனவற்றுள் ஒன்றான சரக சங்கிதை ஒரே காலத்தில் ஒருவரால் எழுதப்பட்டதன்று. அக்கினிவேசரின் நூலைச் சரகர் திருத்தியமைத்தார். குறைபட்டுக் கிடந்த பகுதிகளைப் பின்னர் திருடபலர் நிறைவு செய்தார் என அந்நூலே கூறும். அதன் சூத்திரத்தானத்தின் 5ஆம் அத்தியாயத்திலேயே நாளொழுக்கச் செய்திகள் காணப்படுகின்றன. ஆனால் அவ்வத்தியாயத்தின் பெயர் தினசரியை அன்று. அளவறிந்து உண்ணுதல் என்னும் பொருள்பட அமைந்த பெயரே அதற்கு உண்டு. உணவின் அளவில் தொடங்கும் ஆசிரியர் கண்மை, புகை, மூக்கிலிடும் மருந்து, பற்குச்சி, நாவழிப்பான், எண்ணெய், நீராட்டு, தூய ஆடை, மாலை, மணி, பாதணி, குடை, கைத்தடி என ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கின்றார். விடியலிலிருந்து இரவு வரை என்னும் கால ஒழுங்கு அங்கில்லை. நாவழிப்பான் பொன், வெள்ளி, செம்பு, ஈயம், பித்தளை என்பவற்றுள் ஒன்றினாற் செய்யப்படலாம் என்னும்போது வாசகரின் பொருளாதார நிலை ஓரளவு புலனாகின்றது.

எண்ணெய் தேய்ப்பின் பயனைக் கூறுமிடத்துச் சரகம் கையாளும் உவமைகள் நின்று நோக்கற்பாலன. எண்ணெய் ஊறிய மட்பாண்டமும், நெய்ப்புப் பூசிப் பதமாக்கிய தோலும், மசகிட்ட வண்டியச்சும் உறுதிபெற்று உழைப்பைத் தாங்குவது போல எண்ணெய் தேய்த்த உடம்பும் உறுதிபெறும் என்பது அதன் கருத்து. குயவன், தோல் பதனிடுவோன், வண்டி செய்வோன் ஆகியோரின் தொழிற்களங்களிலிருந்து எடுக்கப்பட்ட உவமைகள் இவை. உவமையில் இடம்பெற்ற இத்தொழிலாளர் விதியில் இடம்பெற்றாரல்லர். மணியும் மாலையும் குடையும் தரிக்குமாறு அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்க முடியாது. அத்தியாய முடிவில், நகரத்தின் தலைவன் நகரத்தைக் கவனிப்பது போலவும் தேர்வலவன் தேரைக் கவனிப்பது போலவும் அறிவுடையோன் தன் உடம்பைக் கவனித்தல் வேண்டும் என்று கூறப்படும்போது, கேட்போர் எவ்வகையினர் என்பது மேலும் தெளிவாகின்றது.

புகை பற்றிய விதிகள் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக் கூடியவை. சந்தனம், ஏலம், வெட்டிவேர் முதலிய நறுமணப் பொருள்களை அரைத்து நாணலின்மேற் பூசி, உலர்த்தித் திரியாக்கி, விரற்கணக்கில் நீளம் வரையறுக்கப்பட்ட குழாயில் வைத்துப் புகையை உள்ளிழுக்க வேண்டும். நீராடியபின், உண்டபின், தும்மியபின், பல் துலக்கியபின், துயிலெழுந்தபின் என இதற்கு எட்டு வேளைகள் சொல்லப்படுகின்றன. நாளொழுக்கத்தின் வேறெந்தக் கூறுக்கும் இவ்வளவு நுணுக்கமான வழிமுறை அவ்வத்தியாயத்தில் இல்லை. ஆயினும் நாளொழுக்கத்தை அப்படியே மீட்டெடுப்பதாகக் கூறும் இன்றைய கைந்நூல்கள் பலவற்றில் புகை சத்தமின்றி நீக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதற்குக் காரணம் ஊகிக்கத்தக்கதே. போர்த்துக்கேயர் காலத்தில் ஆசியாவிற் பரவிய புகையிலை, புகைத்தல் என்னும் செயலுக்கே வேறொரு பொருளை ஏற்படுத்திவிட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் புகையிலையைத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதி செய்து வளம் கண்ட யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நீக்கியது நன்றே. ஆனால் நீக்கிவிட்டு, மாறாத மரபு என்று சொல்வது வரலாறாகாது. கண்மையும் இத்தகையதே. சரகம் நாள்தோறும் இடச் சொல்லும் அஞ்சனம் கனிமப் பொருள். அப்பெயரில் பிற்காலச் சந்தைகளில் விற்கப்படும் மைகளிற் பலவற்றில் ஈயம் கலந்திருத்தலும், அது குழந்தைகளுக்கு நஞ்சாதலும் இன்று அறியப்பட்டுள்ளன.

சுசுருத சங்கிதை இப்பொருளைச் சிகிச்சைத்தானத்தின் 24ஆம் அத்தியாயத்தில் வைத்துள்ளது. இன்னும் வராத துன்பத்தைத் தடுத்தல் என்பது அவ்வத்தியாயத்தின் பெயர்ப்பொருள். பன்னிரு விரல் நீளமுள்ள பற்குச்சி, தன் வலிமையிற் பாதியளவே செய்யப்பட வேண்டிய உடற்பயிற்சி என்பன அங்கு வரையறுக்கப்படுகின்றன. அறுவை மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற நூல் நோய்த்தடுப்புக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியமை கருதத்தக்கது.

தினசரியை என்னும் பெயரில், விடியலில் தொடங்கும் ஒழுங்கான வரிசையில் இவ்விதிகளை அமைத்து நிலைபெறச் செய்த பெருமை வாக்படருக்குரியது. கி.பி. 600ஐ ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் அவரது அட்டாங்க இருதயத்தின் 2ஆம் அத்தியாயம் இப்பெயரையே கொண்டது. பருவகால ஒழுக்கம் அடுத்த அத்தியாயமாக வரும். முன்னைய நூல்களிற் சிதறிக் கிடந்தவற்றை எளிய செய்யுளில், மனனஞ் செய்வதற்கேற்பச் சுருக்கியமையே இந்நூலின் வெற்றிக்குக் காரணமாயிற்று. கேரளத்து அட்ட வைத்தியக் குடும்பங்களில் இந்நூல் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்யப்பட்டது. திபேத்திய மொழியிலும் இது பெயர்க்கப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் நூற்பட்டியல் தொகுத்த இப்னு அல்-நதீம், அரபுக்குச் சென்ற இந்திய மருத்துவ நூல்களுள் இதனையும் குறிக்கின்றார். இன்று உலகெங்கும் ஆயுர்வேத நாளொழுக்கம் என வழங்கப்படுவது பெரும்பாலும் வாக்படரின் வரிசையே. துயிலெழுந்தவுடன் தண்ணீர் குடிக்கும் வழக்கம் அவ்வரிசையில் இல்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்; அது பிற்கால நூல்களிலேயே சிறப்பிடம் பெற்றது.

வாக்படரின் அத்தியாயத்தைப் பற்றிப் பொதுவாகக் கவனிக்கப்படாத இரு செய்திகள் உள. முதலாவது, அவர் எல்லார்க்கும் எல்லாவற்றையும் விதிக்கவில்லை. எருக்கு, ஆல், கருங்காலி, புங்கு, மருது போன்றவற்றின் குச்சியாற் பல் துலக்குமாறு கூறும் அவர், செரியாமை, வாந்தி, இரைப்பு, இருமல், காய்ச்சல், வாய்ப்புண் முதலியன உடையோர் அவ்வாறு செய்யலாகாது என்கின்றார். சளி மிகுந்தவனுக்கு எண்ணெய் தேய்ப்பு ஆகாது. வயிற்றுப்போக்கு உடையவனுக்கும் அப்போதே உண்டவனுக்கும் நீராட்டு ஆகாது. உடற்பயிற்சியில் அளவிறந்து ஈடுபடுவோர் யானையை இழுக்க முயன்ற சிங்கம்போல் அழிவர் என்பது அவர் தரும் எச்சரிக்கை. ஒவ்வொரு விதியோடும் ஒரு விலக்கு ஒட்டியே வருகின்றது. சுருக்கமான பட்டியலாக இவ்விதிகளை இன்று வெளியிடுவோர் முதலில் கைவிடுவது இவ்விலக்குகளையே.

இரண்டாவது, அத்தியாயத்தின் முற்பாதிக்கும் குறைவான பகுதியே உடல் பேணுதல் பற்றியது. ஏறத்தாழப் பதினெட்டுச் சுலோகங்களோடு பல்லும் எண்ணெயும் நீராட்டும் முடிந்துவிடுகின்றன. எஞ்சிய முப்பதளவான சுலோகங்கள் ஒழுக்கம் பற்றியவை. கொலை, களவு முதலிய பத்துத் தீச்செயல்களை விலக்குதல், பிழைப்பு வழியற்றோர்க்கும் பிணியாளர்க்கும் துயருற்றோர்க்கும் இயன்றவரை உதவுதல், புழுவையும் எறும்பையும் தன்னுயிர்போல் நோக்குதல், புலன்களை வருத்தாமலும் அளவிறந்து பேணாமலும் நடுவுநிலை கொள்ளுதல் என அவை விரிகின்றன. இறுதியில், என்னுடைய பகலும் இரவும் இப்பொழுது எவ்வாறு கழிகின்றன என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கின்றார் வாக்படர். வாக்படர் பௌத்தரா என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதம் உண்டு. விவாதத்தின் முடிவு எதுவாயினும், அவர் கருத்தில் உடல்நலம் என்பது தனியொருவனின் தோலோடு முடிந்துவிடுவதன்று என்பது தெளிவு.

இவ்விதிகள் தோன்றிய சமூகவமைப்பினை விளங்கிக்கொள்ள மருத்துவ நூல்களுக்கு வெளியேயும் செல்லவேண்டும். வாத்சியாயனரின் காமசூத்திரம் நாகரிகன் எனப்படும் நகரத்துச் செல்வனின் நாளை வருணிக்கின்றது. காலையிற் பல் துலக்கிச் சாந்து பூசி, புகையூட்டி, மாலை சூடி, கண்ணுக்கு மையிட்டு, கண்ணாடி பார்த்து, தாம்பூலம் தரித்து அவன் தன் அலுவலைத் தொடங்குவான். நாள்தோறும் நீராட்டு, ஒருநாள் விட்டொருநாள் உடம்பு பிடித்தல், மூன்றாம் நாளில் நுரைப்பொருள், நான்காம் நாளிற் சவரம் என்பன அவனுக்குரிய முறை. பிற்பகலிற் கிளிக்குப் பேச்சுக் கற்பித்தலும் கோழிப்போர் பார்த்தலும் உண்டு. சரகம் கூறும் மையும் மாலையும் எண்ணெயும் இங்கு அப்படியே காணப்படுகின்றன. நோக்கம் மட்டுமே வேறு. ஒன்று இன்பத்தையும் மற்றது நீண்ட ஆயுளையும் நாடுகின்றது. மருத்துவர், ஏற்கனவே ஓய்வுபெற்றிருந்த ஒரு வகுப்பினரின் ஒப்பனைப் பழக்கங்களை எடுத்து அவற்றுக்கு நலவியல் நியாயம் கற்பித்தனர் என்று முற்றாகக் கூறிவிடவும் முடியாது. வேனில் தவிர்ந்த காலங்களிற் பகலுறக்கத்தை அவர்கள் கடிந்தமை, நாகரிகனின் வாழ்வோடு அவர்கள் உடன்படாத இடங்களும் இருந்தன என்பதற்குச் சான்றாகும்.

அரசனுக்கு இந்த ஓய்வும் இல்லை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் பகலையும் இரவையும் எவ்வெட்டுக் கூறாக்கி அரசனுக்கு வேலை வகுக்கின்றது. நீராடி உண்ணுதற்குப் பகலில் ஒரு கூறு; உறங்குதற்கு இரவில் இரு கூறுகள், அதாவது இன்றைய கணக்கில் மூன்று மணிநேரம். மருத்துவனையும் மடைத்தலைவனையும் சோதிடனையும் அவன் காண்பது இரவின் கடைசிக் கூறில். இவ்வட்டவணையை எந்த அரசனாவது பின்பற்றினானா என்பது வேறு.

மூன்றாவது ஒரு நாளும் உண்டு. அது துறவியின் நாள். அதன் சான்றுகள் இலங்கை வரலாற்றுக்கு மிக நெருக்கமானவை. பாளி வினய பிடகத்தின் சுல்லவக்கத்தில் பற்குச்சி பற்றிய சுவையான பகுதியொன்று உண்டு. பல் துலக்காதிருப்பதால் வாய் நாறும், சுவை நரம்புகள் தூய்மையுறா, உணவிற் பித்தமும் சளியும் படியும் என்றவாறு ஐந்து தீமைகள் கூறப்பட்டு, பிக்குகளுக்குப் பற்குச்சி அனுமதிக்கப்படுகின்றது. சிலர் நெடுங்குச்சிகளைக் கொண்டு இளந்துறவிகளை அடிக்கத் தொடங்கவே, குச்சி எட்டு விரல் நீளத்துக்கு மேற்படலாகாது என்ற விதி எழுந்தது. பின்னர் ஒருவர் மிகச் சிறிய குச்சியைப் பயன்படுத்தி அது தொண்டையிற் சிக்கவே, நான்கு விரலுக்குக் குறையலாகாது என்ற விதியும் சேர்ந்தது. சுசுருதத்தின் பன்னிரு விரலோடு இதனை ஒப்பிடுக. மருத்துவனின் அளவு பல்லை நோக்கி எழுந்தது. சங்கத்தின் அளவோ பிரம்படியை நோக்கி எழுந்தது. விதியொன்று எண்வடிவில் நிற்கும்போது, அவ்வெண்ணின் பின்னாலுள்ள சச்சரவு மறைந்துவிடுகின்றது.

கி.பி. 671இல் சீனத்திலிருந்து புறப்பட்டு, நாலந்தாவிற் பத்தாண்டளவு கற்று, 695இல் நாடு திரும்பிய இ-சிங் என்னும் துறவி, இவ்வொழுக்கங்கள் நடைமுறையில் இருந்தவாற்றை நேரிற் கண்டு எழுதியவர். மென்று நாராக்கிய குச்சியாற் பல் துலக்கியபின் அதனையே பிளந்து வளைத்து நாவழிப்பர் என்கின்றார் அவர். பொன்னும் வெள்ளியும் வேண்டியதில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. சீனத்தில் இக்குச்சி 'அலரிக் கிளை' எனப் பெயர்பெற்றிருந்தமையைத் தவறென அவர் திருத்துகின்றார். நாலந்தாவைச் சூழ்ந்து பத்துக்கு மேற்பட்ட பெருங்குளங்கள் இருந்தன. நாள்தோறும் காலையில் மணியடித்து நீராட்டுக்கு அழைத்தனர். வெறுவயிற்றில் நீராடுதலே அங்கு வழக்கமாயிருந்தது. ஒருவன் தனித்துக் கைக்கொள்ளும் ஒழுக்கம் அன்று இது. மணியும் குளமும் அமைத்து ஒரு நிறுவனம் தன் உறுப்பினர் அனைவருக்கும் இயலுமாக்கிய ஒழுக்கம்.

இதே நிலையை மிகிந்தலையிற் காணலாம். நான்காம் மகிந்தனின் (956–972) மிகிந்தலைக் கற்பலகைச் சாசனம், விகாரையில் உறையும் பிக்குகள் விடியற்பொழுதில் எழுந்து தியானித்து, பல் துலக்கித் தூய்மை செய்து, சீவரம் அணிந்து, பின்னர் உணவுச்சாலைக்குச் சென்று கஞ்சியும் சோறும் பெறவேண்டும் என்று விதிக்கின்றது. அச்சாசனமே பணியாளர் பலருக்கும் மருத்துவருக்கும் உரிய கொடுப்பனவுகளையும் வரையறுக்கின்றது. மலையடிவாரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையும், மனித உடல் வடிவிற் குடையப்பட்ட மருந்துத் தொட்டியும் அருகிலேயே உள்ளன. அரசன் புத்ததாசன் தானே மருத்துவம் செய்தான் என்றும், பத்துக் கிராமங்களுக்கு ஒரு மருத்துவனை நியமித்தான் என்றும் கூறும் சூளவம்சச் செய்தி புகழ்ச்சி கலந்ததாயிருக்கலாம். மிகிந்தலைச் சாசனத்திலோ யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு இருக்கின்றது. கணக்கை நம்புவதே வரலாற்றாசிரியர்க்குப் பாதுகாப்பு.

சிங்களத்தில் இளந்துறவிகளுக்கென வழங்கிய கைந்நூல்களுள் ஒன்றின் பெயரும் 'தினசரியாவ' என்பதே. அதனை ஸ்பென்ஸ் ஹார்டி 1850இல் வெளியிட்ட தமது நூலில் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தந்துள்ளார். பொழுது புலருமுன் எழுந்து பல் துலக்கும் இளந்துறவி, அடுத்துச் செய்வது எண்ணெய் தேய்ப்பன்று. கூட்டவேண்டிய இடங்களை அவன் கூட்டவேண்டும். தண்ணீர் கொண்டுவந்து வைக்கவேண்டும். பெயர் ஒன்றே, நாள் வேறு. சைவர் கூறும் சரியையில் திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் முன்னிற்பதை எண்ணினால், இந்த இளந்துறவியின் தினசரியை வாக்படரின் தினசரியையை விட அதற்கே நெருங்கியது என்பது விளங்கும்.

ஆயுர்வேத நூலார் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர் என்பதற்குச் சரக சங்கிதையிலேயே வலுவான சான்றொன்று உண்டு. திருடபலரால் நிறைவு செய்யப்பட்ட பகுதியைச் சேர்ந்த சித்தித்தானத்தின் 11ஆம் அத்தியாயத்தில், எப்பொழுதும் நோயாளராயிருப்போர் யாவர் என்று அக்கினிவேசர் வினவுகின்றார். வேதம் ஓதுவோர், அரச ஊழியர், பொதுமகளிர், வணிகர் என்னும் நால்வகையினர் என்பது ஆத்திரேயரின் விடை. ஓதுவோன் தன் ஓதலிலும் நோன்பிலும் கடமையிலும் மூழ்கி உடம்பைக் கவனியான். அரச ஊழியன் அரசனின் மனக்குறிப்பையே நோக்கி அச்சத்தோடும் கவலையோடும் நாளைக் கழிப்பான். பொதுமகள் பிறர் விருப்புக்கேற்ப ஒழுகி ஒப்பனையிலேயே காலம் போக்குவாள். வணிகன் அசையாது அமர்ந்து வாங்கல் விற்றலில் ஆழ்ந்திருப்பான். நால்வரும் இயற்கை வேகங்களை அடக்குகின்றனர். உரிய நேரத்தில் உண்பதில்லை. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், உறக்கம் முதலிய பதின்மூன்று வேகங்களை அடக்குவதால் வரும் நோய்களைச் சரகம் முன்னரே தனி அத்தியாயத்திற் கூறியிருக்கின்றது.

இப்பகுதி ஆயுர்வேத இலக்கியத்தில் உரிய கவனத்தைப் பெறாத பகுதி என்றே சொல்லவேண்டும். நோய்க்குக் காரணம் அறியாமையோ சோம்பலோ என்று கூறாது, பிழைப்பின் தன்மையே காரணம் என்று இந்நூல் கூறுகின்றது. நால்வருள் மூவர் பிறரின் நேரத்துக்கு ஆட்பட்டவர். அரசன் எழும் வரையில் ஊழியன் எழுந்து செல்ல முடியாது. வாங்குவோன் நிற்கும் வரையில் வணிகன் கடையை விட்டகல முடியாது. பட்டியலின் தலையில் நிற்பவர் கற்றோர் என்பதும் பல்கலைக்கழகத்தாருக்கு வெறும் பழங்கதையாகத் தோன்றாது. எனினும் பட்டியல் முழுமையானதன்று. உழுவோர், நெய்வோர், சுமை தூக்குவோர் அதில் இல்லை. அவர்கள் நோயற்றிருந்தமையால் விடப்பட்டனரா, மருத்துவனைக் காண வராமையால் விடப்பட்டனரா என்னும் வினாவுக்கு, பின்னைய விடையே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

தமிழில் நாளொழுக்கம் மருத்துவத்தின் வழியாக மட்டும் வரவில்லை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றிய நூறு பாடல்களிற் பெரும்பகுதியை இதற்கே செலவிடுகின்றது. வைகறை யாமத்தில் எழுந்து அறத்தையும் பொருளையும் எண்ணுதல், நீராடிக் கால் கழுவி உண்ணல், கிழக்கு நோக்கி அமர்தல், விருந்தினர்க்கும் மூத்தோர்க்கும் பசுவுக்கும் பறவைக்கும் குழந்தைக்கும் கொடுத்தபின்னரே உண்ணல் என்பன அதன் விதிகளுட் சில. இனிப்பை முதலிலும் கைப்பை இறுதியிலும் உண்க என்னும் அதன் முறை சுசுருதத்தின் முறையோடு ஒத்திருக்கின்றது. வடமொழி நூற்பொருளைத் தழுவியமை அதன் சிறப்புப் பாயிரத்தாற் பெறப்படும். ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மருத்துவ நூல், இவ்வாறு செய்யின் இன்ன நோய் வராது என்று காரணம் காட்டும். காரணம் பொருந்தாதவிடத்து விலக்கும் அளிக்கும். ஆசார நூலோ, நல்லோர் இவ்வாறு செய்வர் என்பதோடு அமையும். அதன் அக்கறை தூய்மையும் மதிப்பும். அவற்றோடு பிணைந்த உயர்வு தாழ்வும் ஆகும். பிற்காலத்தில் இவ்விரு மரபுகளும் கலந்தபோது மருத்துவ விதிகளும் ஆசாரத்தின் இறுக்கத்தைப் பெற்றன எனக் கொள்ள இடமுண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம் இவற்றினின்று விலகி நிற்பது. வளி முதலாய மூன்றினைச் சுட்டிவிட்டு, அளவறிந்தும் முன்னுண்டது அற்றபின்னும் உண்ணுதலையே பத்துக் குறள்களிற் பெரும்பாலானவற்றில் அது வற்புறுத்துகின்றது. மாலை, மணி, குடை எதுவும் அங்கில்லை. இரண்டு வேளைச் சோறு கிடைக்கும் எவனும் பின்பற்றத்தக்க விதி அது.

சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிப் பாடல்கள் இத்துறையில் தலையாயவை. நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு, ஒன்றரை மாதத்துக்கொருமுறை மூக்கிலிடும் மருந்து, நான்கு மாதத்துக்கொருமுறை பேதி, ஆறு மாதத்துக்கொருமுறை வாந்தி மருந்து, நீரைக் காய்ச்சியும் மோரைப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் உண்ணல் என அவை எண்ணிச் சொல்கின்றன. ஒரு நாளை முழுவதும் பிடித்துக்கொள்ளாது, நாள்களையும் மாதங்களையும் இடைவெளிகளாகப் பகுத்திருப்பது இம்முறையின் தனித்தன்மை. உழைக்கும் குடும்பத்துக்கு இதுவே கைக்கூடும். யாழ்ப்பாணத்தில் அரைப்பு வைத்து முழுகும் வழக்கமும், பேதி குடித்துப் பத்தியம் காக்கும் வழக்கமும் வீடுதோறும் நிலைத்தமைக்கு இதுவே காரணமாகலாம். ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரமும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரமும் நோய் நாடலையும் மருந்துச் செய்கையையுமே பெரும்பொருளாகக் கொண்டவை. நாளொழுக்கத்தைக் காத்தது ஏட்டைக் காட்டிலும் பாட்டியரே எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வொழுக்கத்துக்குப் போட்டியாக வேறொன்று வந்து சேர்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், கட்டர் என்பாரின் நூலை 1850களில் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் எனத் தமிழில் வெளியிட்டார். உடலமைப்பும் உடற்றொழிலும் உடல்நலமும் ஒருங்கே கூறும் அந்நூலில், நலம் பேணும் துறைக்கு உற்பாலனம் எனப் பெயரிடப்பட்டது. அச்சொல் நிலைக்கவில்லை, சுகாதாரம் என்ற சொல்லே நிலைத்தது. ஆனால் காற்று, நீர், உடை, உறக்கம் பற்றித் தமிழிற் புதுமுறையாக எண்ணும் வழக்கம் அங்கிருந்து பாடசாலைகளுக்குப் பரவியது. அதேகாலத்தில் மலையகத்தில் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் நாள் வேறுவகையாக ஒழுங்குபடுத்தப்பட்டது. பிரம முகூர்த்தத்தில் அவர்களும் எழுந்தனர். தப்பொலி கேட்டுப் பெரட்டுக்களத்தில் நிற்பதற்காக எழுந்தனர். வைகறையில் விழித்தல் மட்டும் நலந் தருமாயின், அவர்களே இந்நாட்டில் நோயற்றவராய் இருந்திருக்க வேண்டும்.

சுதேச மருத்துவ மறுமலர்ச்சி 1929இல் கொழும்பிற் சுதேச மருத்துவக் கல்லூரியாக உருப்பெற்றது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்னும் சொல்லினுள் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவ அலகு 1984இல் தொடங்கியது. இவற்றின் பாடத்திட்டங்களில் நாளொழுக்கம் நலம் பேணல் என்னும் பகுதியாக இடம்பெற்றது. உடலினுள் இயங்கும் நாட்சுழற்சி பற்றிய ஆய்வுக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபின், வாக்படர் இதனை முன்னரே அறிந்திருந்தார் என்று எழுதுவோரும் தோன்றினர். ஈக்களின் மரபணுவில் நிகழ்ந்த அவ்வாய்வு, எருக்கங்குச்சியையோ மூக்கிலிடும் எண்ணெயையோ நிறுவவில்லை. வாக்படரின் பெருமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையுமில்லை.

1980கள் தொடக்கம் இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில், பெரும்பாலும் ஐரோப்பியப் பயணிகளை நோக்கி, ஆயுர்வேத விடுதிகள் எழலாயின. அங்கு விருந்தினருக்கு எண்ணெய் தேய்ப்பும் மூலிகை நீராட்டும் அளவுணவும் நேர அட்டவணைப்படி அளிக்கப்படுகின்றன. சரகத்தின் 5ஆம் அத்தியாயம் மனத்திற் கொண்டிருந்த ஓய்வுள்ள மனிதன், இரண்டு வாரத்துக்கு மட்டும், அவ்விடுதிகளில் மீண்டும் தோன்றுகின்றான். எண்ணெய் காய்ச்சுவோரும் தேய்ப்போரும் சுற்றுக் கிராமங்களிலிருந்து அவன் விழிக்குமுன்னரே வந்து சேர்கின்றனர்.